நின்றால்தான் திறக்கும் கேமரா

1

யோசனை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில், கூலிம் பழைய டவுனில், ஒரு காய்கறிக் கடை வாசலில். என் மனைவி கயல் கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு நின்றுகொண்டு, "அம்மாவுக்கு அனுப்பணும், ஒரு படம் எடு பிரபு" என்றாள். எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்பு. இன்னொரு முறை எடுத்தேன். அதுவும் கறுப்பு.

காரணம் ஸ்டிக்கர். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். நான் வேலை செய்வது கூலிம் ஹைடெக் பூங்காவில், கைபேசிக் கேமராவுக்குள் இருக்கும் மிளகளவுச் சில்லுகளைச் சோதித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில். எங்கெங்கோ இருக்கும் கைபேசிகளுக்கெல்லாம் இங்கிருந்து கண் போகிறது. ஆனால் நாங்கள் உள்ளே நுழையும்போது எங்கள் கைபேசியின் கண்ணை மூடிவிடுவார்கள். வாசலில் காவலர் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒன்றை லென்ஸ் மேல் ஒட்டுவார். வேலை முடிந்து வெளியே வந்ததும் உரித்துக்கொள்ளலாம். அது ஒரே இழுப்பில் வராது. துண்டு துண்டாகக் கிழியும், பசை ஒட்டிக்கொள்ளும். அதனால் பலர் உரிப்பதே இல்லை. எனக்கும் வெள்ளிக்கிழமை ஒட்டியது ஞாயிறுவரை அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு நாளாகப் படம் எடுக்கத் தோன்றிய எதுவும் இல்லை, அதனால் தெரியவில்லை.

நகத்தால் சுரண்டினேன். வீட்டுச் சாவியால் சுரண்டினேன். கயல் கீரையோடு நின்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள்.

"பிரபு, எதிர்க்கடை மாடி ஜன்னல்ல ஒரு சேவல் நிக்குது பாரு."

நிமிர்ந்தேன். பழைய கடைவீட்டின் பச்சை ஜன்னல் விளிம்பில், காலில் கயிறு கட்டிய ஒரு சேவல். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம்.

"இப்போ வந்து நிக்கறது இல்ல. அங்கதான் அது குடியிருக்கு. கிண்ணத்தச் சுத்தி எவ்வளவு எச்சம் பாரு" என்றாள்.

ஏறக்குறைய ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கடைக்கு வருகிறோம். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் காரை நிறுத்துவேன். அன்று எனக்குப் பொறி தட்டியது: கேமரா உடனே எடுக்கக்கூடியதாக இருப்பதுதான் கோளாறு. எடுக்க விடாமல் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும் கேமரா ஒன்று வேண்டும். வீடு வரும்வரை காரில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய படத்தை எடுக்க மறந்துவிட்டோம்.

2

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்து மூன்று வருடம். கயல் வந்து ஒரு வருடம். கரூரில் அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தாள். இங்கே அவளுக்கு இருப்பது என் வேலையை ஒட்டித் தரப்பட்ட அனுமதி. அதை வைத்துக்கொண்டு இருக்கலாம், வேலை பார்க்க முடியாது. ஒன்பதாவது மாடியில் வீடு. ஜன்னலில் ஒரு பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனை, இன்னொரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள். இந்த ஊரில் பேருந்து என்று நம்பிப் போக அதிகம் இல்லை. நான் காலையில் காரை எடுத்துக்கொண்டு போனால் மாலையில் வருவேன்.

"எனக்கு கூலிம்னா உன் கார்க் கண்ணாடிதான்" என்று ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

அனுமதி முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் கேட்டார்கள். புகைப்படம் அவர்கள் சொல்லும் அளவில் இருக்க வேண்டும். ஒருமுறை காது தெரியவில்லை என்று திருப்பினார்கள், அடுத்த முறை சட்டை வெளுப்பு, பின்னணியோடு கலந்துவிட்டது என்றார்கள். என் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கயல் கொடுக்கவில்லை.

"கடைசி நாளு என்னைக்கு?"

"அடுத்த மாசம் முதல் திங்கள்."

"அன்னைக்குக் காலையில சொல்றேன். குடுத்தா இருக்கேன். குடுக்கலன்னா கரூர் போறேன். சண்டை எல்லாம் இல்ல."

சண்டை இல்லைதான். சண்டை இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்போம். எனக்கு இங்கே துக்கம் என்று எதுவும் கிடையாது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம் கன்னம்தான், ஆனால் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். இரண்டு வருடமாக எனக்கு அப்படித்தான். கயல் போய்விடுவாளோ என்ற கேள்விகூட அந்தக் கன்னத்தில் விழுந்த தட்டு மாதிரிதான் இருந்தது. தெரிந்தது, வலிக்கவில்லை.

ஆனால் அந்தக் கேமரா யோசனை வந்ததிலிருந்து கை பரபரத்தது. கேமரா சரியாக வந்தால் கயல் வெளியே நடப்பாள், நடந்தால் ஊரைப் பார்ப்பாள், பார்த்தால் பிடித்துப்போகும், பிடித்தால் பாஸ்போர்ட் கொடுப்பாள். என் கணக்கு இவ்வளவு நேராக இருந்தது.

3

நான் செய்த கேமராப் பெட்டி சின்னது, சோப்பு டப்பா அளவு. இணையத்தில் வாங்கிய மலிவான கேமரா அட்டை ஒன்று, அசைவை அறியும் சில்லு ஒன்று, மூடியைத் திறக்கக் குட்டி மோட்டார் ஒன்று. திரை கிடையாது. எடுத்தது என்ன என்று வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுத்தான் பார்க்க முடியும். ஓரிடத்தில் நான்கு நிமிடம் நின்றால் மூடி திறக்கும். ஒரு படம் எடுக்கலாம். உடனே மூடிக்கொள்ளும். அடுத்த படத்துக்கு வேறு இடம் போய் மறுபடி நிற்க வேண்டும். நடுவில் நடந்துவிட்டால் நேரம் முதலிலிருந்து ஓடும்.

ஏன் நான்கு நிமிடம்? ஒரு நிமிடத்தில் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தோன்றும். இரண்டாவதில் எரிச்சல் வரும். மூன்றாவதில்தான் கண் வேறு வழியில்லாமல் மேயத் தொடங்கும். என்னையே வைத்துச் சோதித்தேன்.

இந்த மாதிரி மேய்ந்த அனுபவம் எனக்குச் சின்ன வயதில் உண்டு. கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறைகள் நிறைய. அப்பா அப்படி ஒன்றில் ஜன்னல் பொருத்தும் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் அவரோடு போனால் பாதி கட்டிய பஸ்ஸில் உட்கார வைத்துவிடுவார். இருக்கை இருக்காது, தகரத் தரை. கண்ணாடி போடாத ஜன்னல். பஸ் எங்கும் போகாது. வெளியே தெரிவது எதிர்ப் பட்டறைச் சுவர்தான். மணிக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு உதிர்ந்த இடம், எறும்பு போகும் பாதை, பெயின்ட் அடிப்பவர் தூரிகை துடைத்த தடங்கள். இன்றைக்கும் அந்தச் சுவரை வரையச் சொன்னால் வரைவேன். கூலிமில் தினமும் கடக்கும் சாலையை வரையச் சொன்னால் சிக்னல் விளக்கு மட்டும் வரைவேன்.

தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன் தினேஷ். குருணிலிருந்து தினமும் வருகிறான். மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். அவன் ஊர் என்று சொன்னால் தமிழ்நாடு, தன் இடத்தைச் சொன்னால் குருண். நான் புதிதாக வந்த நாளில், "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டான். "பசி இல்ல தம்பி" என்றேன். காலை உணவு ஆயிற்றா என்று கேட்டிருக்கிறான். இப்போது நானே எல்லோரையும் அப்படித்தான் கேட்கிறேன். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, "யாருடா பேசறது?" என்றார்.

உணவு இடைவேளையில் வெளியே காரருகே பெட்டியைக் காட்டினேன். தினேஷ் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது கேமராவா, எலிப் பொறியா?"

"நாலு நிமிஷம் நின்னா திறக்கும்."

"வெயில்ல நாலு நிமிஷம் எவன் லா நிப்பான்? படம் எடுக்கறதுக்குள்ள அவன் கருவாடு."

"அதுதான் விஷயம். நின்னு பாக்கணும், நடக்கணும்."

"நடக்கணுமா?" சிரித்தான். "அண்ணே, இங்க ரோட்டுல நடக்கறவன் ரெண்டே வகைதான். ஒண்ணு காடி ரோசாக் ஆனவன். இன்னொண்ணு லைசென்ஸ் போனவன்."

இங்கே காரைக் காடி என்பார்கள், பழுதானால் ரோசாக்; லா என்பது சும்மா பேச்சோடு ஒட்டுவது. அவன் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

4

முதல் சோதனை நானே செய்தேன். ஹைடெக் பூங்காவின் அகலச் சாலை ஓரத்தில் நின்றேன். மூடி திறக்கும் முன் ஒரு காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து, யார், எந்தக் கம்பெனி, கையில் என்ன என்று கேட்டார். விளக்கி முடிப்பதற்குள் மூடி டக்கென்று திறந்தது. அவர் இரண்டடி பின்வாங்கினார். அந்த இடத்தைச் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாவது சோதனை கயல். மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, வாடகைக் கார் பிடித்து டவுன் போனாள். மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நாளாயிற்று என்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"என்னை யாரும் நிக்கவே விடல" என்றாள். "போஸ்ட் ஆபீஸ் பக்கத்துல நின்னேன். ஒரு மலாய்க்கார அண்ணன் மோட்டார் சைக்கிள நிறுத்தி என்னவோ கேட்டார். ரோசாக்னு மட்டும் புரிஞ்சுது. இல்ல இல்லன்னு தலையாட்டினேன். குடிக்கத் தண்ணி குடுத்துட்டுப் போனார். அடுத்த தெருவுல நின்னேன். ஒரு சீனக் கிழவி கடைக்குள்ளிருந்து நாற்காலி தூக்கிட்டு வந்து போட்டாங்க. உக்காந்தா பெட்டி ஒத்துக்குமான்னு தெரியல, நாற்காலி பக்கத்துலயே நின்னேன். அவங்களுக்குக் கோபம்."

கணினியில் படங்களைப் போட்டேன். ஒரு ஹெல்மெட்டின் பாதி. ஒரு கை, அதில் தண்ணீர் பாட்டில். நாற்காலி, அதன் பின்னால் இடுப்பில் கை வைத்த ஒரு கிழவி. ஒரு பையனின் வாய், ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும் வாய்.

"ஊரே வரலையே கயல்" என்றேன். "எல்லாம் ஆளுங்களா மறைக்கறாங்க."

அவள் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த முறை அவள் பண்டார் பாரு போகும் சாலையில், டவுனைத் தாண்டிச் செம்பனை தொடங்கும் இடத்தில் நின்றிருக்கிறாள். தெரேசா அக்கா என்பவர் அங்கேதான் தன் மோட்டாரை நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும், ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். வீடு அருகிலிருக்கும் செம்பனைத் தோட்டத்தில். கயல் நடித்துக் காட்டினாள்.

"என்னம்மா ஆச்சு? காடி ரோசாக்கா?"

"காடி இல்லக்கா."

"அப்ப புருஷன் எறக்கி வுட்டுட்டானா?"

"இல்லக்கா, படம் எடுக்கறேன்."

"எதை? செம்பனையவா? ஊர்லேர்ந்து வந்த பொண்ணா நீ? ஏறு ஏறு, பொட்டில இன்னொரு ஹெல்மெட் இருக்கு."

தோட்டத்துக்குக் கூட்டிப்போய் மிளகாய் அரைத்துச் செய்த மீன் சம்பலும் சோறும் போட்டிருக்கிறார். கயலுக்கு ரத்தம் எடுக்கத் தெரியும் என்று தெரிந்ததும், அண்டை வீட்டில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படும் ஒருவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துவிட்டாராம். "நான் ஊசி எல்லாம் போடல, எப்படிப் போட்டுக்கறதுன்னு சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள். திரும்ப டவுன்வரை கொண்டுவந்து விடும்போது தெரேசா அக்கா கேட்டாராம்: "படம் எங்க? காட்டு." திரை இல்லை என்றதும், "அப்ப இது எதுக்கு லா?" என்றாராம்.

நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: இடையூறை எப்படித் தவிர்ப்பது.

5

வழி கண்டுபிடித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்கு அது மிக நேர்த்தியான தீர்வாகப் பட்டது. தினேஷிடம் மலாயில் எழுதி வாங்கி, மஞ்சள் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, தொழிற்சாலை அடையாள அட்டைக்குப் போடும் கயிறு ஒன்றில் கோத்தேன். எழுதித் தரும்போது தினேஷ், "அண்ணே, இத அண்ணிகிட்ட கேட்டுட்டீங்களா?" என்றான். "அதுல கேக்க என்ன இருக்கு" என்றேன்.

பாஸ்போர்ட் கொடுக்கக் கடைசி நாளான அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை. கயல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டையைக் கொடுத்தேன்.

"என்ன எழுதியிருக்கு?"

"நான் நன்றாக இருக்கிறேன். உதவி வேண்டாம்."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

"இத மாட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"ஆமா. அப்போ யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நீ நிம்மதியா ஊரைப் பாக்கலாம்."

கயல் மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். பிறகு பேசினாள். குரல் உயரவில்லை.

"ரோட்டுல போறவங்க, பேர் தெரியாதவங்க, பாஷை தெரியாதவங்க எல்லாம் வண்டிய நிறுத்தி என்ன ஆச்சுன்னு கேட்டாங்க பிரபு. நான் ஒரு வருஷமா இந்த ஜன்னல்ல நிக்கறேன். நீ ஒரு தடவையும் கேக்கல. இப்ப நான் நல்லா இருக்கேன்னு நீயே எழுதி என் கழுத்துல மாட்டி விடற."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், குறைந்தது வெட்கமாவது. கீழே நிறுத்துமிடத்தில் யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஞாயிறன்று காய்கறி வாங்கப் போகவில்லை. அம்மா கூப்பிட்டபோது, "என்னடா விசேஷம்?" என்றார். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். கயல் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

6

திங்கள் காலை காபி கொடுக்கும்போது கயல் தன் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்தாள்.

"இது சரின்னு அர்த்தம் இல்ல" என்றாள். "இந்தப் புது அனுமதி முடியறவரைக்கும் இருக்கேன். அப்புறம் மறுபடி கேளு. நீயா கேளு, ஆபீஸ்ல கேட்டாங்கன்னு கேக்காதே."

"சரி."

"இன்னொண்ணு. நான் நடக்க மாட்டேன். இந்த ஊர்ல நடக்கறது பைத்தியக்காரத்தனம். தெரேசா அக்காவும் அதையேதான் சொன்னாங்க. எனக்கு மோட்டார் வேணும். கரூர்ல தினமும் வண்டி ஓட்டி வேலைக்குப் போனவ நான். இங்க லைசென்ஸ் எடுக்கறேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை அக்கா தோட்டத்துக்குப் போகணும். ஊசி ஆளு காத்துக்கிட்டிருப்பாரு."

"வகுப்பு மலாயில நடந்தா?"

"நடக்கட்டும். ரோசாக் தெரியும். மீதி வந்துரும்."

பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகப் பெண் பக்கங்களைப் புரட்டிவிட்டு, புகைப்படத்தில் காது தெரிகிறது, நல்லது என்றார். என் இயந்திரத்துக்குப் போனேன். தினேஷ் முகத்தைப் பார்த்து, "பசியாறலையா அண்ணே?" என்றான். இல்லை என்றேன். அவன் தன் பையிலிருந்த தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமான நாசி லெமாக் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தான். இடைவேளையில் சாப்பிட்டேன். நல்ல காரம். காரம் தெரிந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன், வேறு பெரிய மாற்றம் எதுவும் சொல்வதற்கில்லை.

பெட்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். நடப்பவருக்காகச் செய்தது, நடக்காத ஊருக்கு உதவாது. ஒருவர் மட்டும் தனியாக நின்று பார்ப்பார், ஊர் அசையாமல் அவருக்காகக் காத்திருக்கும் என்று நினைத்ததும் தப்பு. இந்த ஊரில் நீங்கள் நின்றால் ஊர் உங்களைப் பார்க்க வருகிறது. எனவே புதியது மோட்டார் சைக்கிளில் வைப்பதற்கு. எஞ்சின் அணைந்த பிறகுதான் நேரம் ஓடத் தொடங்க வேண்டும். ஆட்டத்தில் சில்லு குழம்பும், ரப்பர் மெத்தை கொடுத்துப் பார்க்கிறேன். மழைக்கு உறை வேண்டும். எடுத்த படத்தை அங்கேயே ரசீதுத் தாளில் அச்சடிக்கும் குட்டி இயந்திரம் ஒன்றும் வைக்க வேண்டும். நிறுத்திக் கேட்டவர் கையில் ஒன்று கொடுத்து அனுப்பலாம். தெரேசா அக்காவுக்குத் தர வேண்டியது ஏற்கெனவே பாக்கி.

கயல் வரும் சனிக்கிழமை முதல் வகுப்புக்குப் போகிறாள். உரிமம் வந்ததும் முதல் நாள் அவள்தான் ஓட்டுவாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். எங்கே நிறுத்துவது என்று நான் சொல்வதில்லை என ஒப்பந்தம். நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பாள். சாலையில் வருகிற யாராவது வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, வாய் திறப்பதற்குள், என்ன ஆச்சு என்று நான் அவளிடம் கேட்டுவிட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.